அண்ணன் மகள் சம்பளம் எனக்குத் தெரியும்

தீபாவளிக்கு அடுத்தபடியாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு கலகலப்பது மார்ச் மாதக் கடைசியில்தான். காரணம் என் அண்ணன் மகள். டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் துணை முதல்வர். எங்களுக்கு இன்னும் பாப்பாதான்.

ஒன்டாரியோ மாகாண அரசு வருஷா வருஷம் மார்ச் 31க்குள் ஒரு பட்டியல் போடும். பொதுப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்களில், போன வருஷம் ஒரு லட்சம் கனடா டாலரும் அதற்கு மேலும் வாங்கிய அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். பெயர், பதவி, எந்த அமைப்பில் வேலை, எவ்வளவு சம்பளம், என்ன சலுகை, எல்லாம் சென்ட் கணக்கு வரைக்கும். 1996இல் வந்த சட்டம். அங்கே அதற்கு சன்ஷைன் லிஸ்ட் என்று பெயர்.

அது வந்த அன்றைக்கு ஜொகூரில் இருக்கும் எங்கள் சித்தப்பா பாப்பாவின் வரியை மட்டும் வெட்டிக் குழுவில் போடுவார். கீழே மூன்றால் பெருக்கி ரிங்கிட்டில் எவ்வளவு என்று எழுதுவார். "வரி போக எவ்ளோ நிக்கும்?" என்று ஒருத்தர். "எங்க பையனுக்கும் அங்க ஒரு வேலை பாரும்மா" என்று இன்னொருத்தர். போன வருஷத்தைவிட எத்தனை ஆயிரம் கூடியிருக்கிறது என்று கழித்துப் பார்த்துச் சொல்ல ஓர் அத்தான். பாப்பா ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு இரண்டு நாளைக்குக் குழுப் பக்கமே வரமாட்டாள்.

ஆக, பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துணை முதல்வரின் சம்பளம் எனக்கு அத்துப்படி. நான் வேலை பார்த்ததோ சிங்கப்பூர் அரசாங்கப் பள்ளி அலுவலகங்களில். கிளார்க்காகச் சேர்ந்து நிர்வாக மேலாளராக ஓய்வு பெற்றேன். ஐந்து முதல்வர்களுக்குக் கோப்பு தூக்கியிருக்கிறேன். யாருக்குக் காப்பியில் சீனி ஆகாது, யார் மதியம் இரத்த அழுத்த மாத்திரை போடுவார், யார் பெற்றோர் சண்டைக்கு வந்தால் கழிவறையில் போய் ஒளிந்துகொள்வார், எல்லாம் தெரியும். ஒருவர் சம்பளமும் தெரியாது.

தெரிந்துகொள்ள முயற்சி செய்யவில்லை என்று சொன்னால் பொய்.

தொண்ணூறுகளில் சம்பளச் சீட்டு காகிதத்தில் வரும். மூன்று பக்கமும் ஒட்டிய உறை. ஓரத்தில் துளை போட்ட விளிம்பு இருக்கும், அதைக் கிழித்தால்தான் திறக்கும். உள்பக்கம் முழுக்கக் கறுப்பாக, புழுக் கோலம் மாதிரி அச்சடித்திருப்பார்கள், வெளியிலிருந்து எண் தெரியக்கூடாது என்பதற்காக. ஒரு நாள் காலையில் எல்லாருடைய உறையையும் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். முதல்வருடையது கைக்கு வந்தது. எனக்கும் பக்கத்து மேசை மலாய்த் தோழிக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம். அவள் சன்னல் திரையை விலக்கினாள். நான் உறையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கறுப்புக் கோலத்துக்கு நடுவே ஏதோ ஓர் எட்டு மாதிரி இருந்தது. அவள் மூன்று என்றாள்.

"வெளிச்சம் பத்தாதும்மா. டார்ச் எடுத்துட்டு வரவா?"

வாசலில் முதல்வர், கையில் காப்பிக் கோப்பையோடு. என்னுடைய ஐந்து முதல்வர்களில் அவர் ஒருவர்தான் தமிழர். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் உறையை வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே, "உள்ளே இருக்கிற நம்பர் எனக்குத் தெரியும். அது ஏன் அந்த நம்பர்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அப்போது அதை வெறும் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். என்மேல் புகார் போகவில்லை என்ற நிம்மதியே பெரிதாக இருந்தது. ஓய்வு பெற்று, சாவகாசமாக இதையெல்லாம் யோசிக்கும்போதுதான் அந்த இரண்டு வாக்கியமும் திரும்பத் திரும்ப வருகின்றன.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக நம் ஊர் ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே அரசாங்கப் பள்ளி முதல்வர் அந்தப் பள்ளியின் ஊழியர் கிடையாது, கல்வி அமைச்சின் அதிகாரி. சில வருஷத்துக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். பள்ளிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு கண்காணிப்பாளர் இருப்பார், அவர்தான் முதல்வருக்கு மேலே. சம்பளம் பதவிப் படியைப் பொறுத்தது. அதற்கு மேல் வருஷக் கடைசியில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், பொருளாதாரத்தைப் பார்த்து வருஷத்துக்கு இரண்டு தடவை அறிவிக்கும் போனஸ். இதெல்லாம் ஊரறிந்தது, தமிழ் முரசு நாளிதழில் முதல் பக்கத்திலேயே வரும். இதற்கு அப்பால் இருக்கிறது செயல்திறன் போனஸ். மார்ச் மாதம் போடுவார்கள். அதற்கு முன்னால் 'ரேங்கிங்' நடந்திருக்கும். ஒரே நிலையில் இருக்கும் அதிகாரிகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு யாருக்கு என்ன கிரேடு என்று மேலே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிப்பார்கள். ஒருவரால் எதுவரைக்கும் உயர முடியும் என்று ஒரு மதிப்பீடும் உண்டு. 1983இல் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் முறையைப் பார்த்து நம் பொதுச் சேவை எடுத்துக்கொண்டது அது.

இதில் இருக்கும் நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் ஒவ்வொன்றும் தன் கண்காணிப்பாளரைத் தானே தேடிப் பிடித்து, தானே பேரம் பேசி, தானே ஒப்பந்தம் போடுகிறது. மாவட்டத்தின் வருமானத்தில் பெரும் பங்கு அந்த வட்டாரத்து வீட்டு வரி. வசதியான வட்டாரத்துக்கு ஒரு விலை, ஏழை வட்டாரத்துக்கு ஒரு விலை. நம் ஊரில் புக்கிட் தீமாவில் இருக்கும் அரசாங்கப் பள்ளி முதல்வருக்கும் ஈசூனில் இருப்பவருக்கும் படி ஒன்றாக இருந்தால் சம்பளமும் ஒரே அளவுகோலில்தான். பெற்றோர் சங்கத்துக்கும் வட்டாரத்துப் பணக்காரருக்கும் அதில் வாய் வைக்க இடமே இல்லை. நான் இதை ரொம்ப மதிக்கிறேன்.

ஆனாலும் அந்த உறை.

ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் புதிதாகப் பொறுப்பேற்கும் முதல்வர்களின் பெயரும் பள்ளியும் வெளியாகும். விழா நடக்கும், அமைச்சர் பேசுவார். புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது அமைச்சின் இணையப் பக்கத்திலேயே உண்டு. 2022 அக்டோபரில் ஏறத்தாழ 35,000 ஆசிரியர்களுக்கு 5 முதல் 10 விழுக்காடு வரை சம்பளம் ஏறியபோது அது நாட்டுக்கே தெரிந்தது. பிரதமர் சம்பளமும் தெரியும், வருஷத்துக்கு 22 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. புதிதாக அமைச்சரானால் 11 லட்சம். அது எப்படி வந்தது என்பதும் தெரியும். 2011 தேர்தலுக்குப் பிறகு ஜெரார்ட் ஈ தலைமையில் குழு போட்டார்கள். சிங்கப்பூர்க் குடிமக்களில் அதிகம் சம்பாதிக்கும் ஆயிரம் பேரை எடுத்து, அவர்களில் நடுவில் நிற்பவரின் வருமானத்தைப் பார்த்து, அதில் 40 விழுக்காட்டைக் கழி என்றது அந்தக் குழு. பொதுச் சேவை என்றால் கொஞ்சம் தியாகமும் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த 40. பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, காப்பிக்கடையில் உட்கார்ந்து அந்த 40 ஏன் 50 ஆகக்கூடாது என்று சண்டை போடலாம். என் வீட்டுக்காரர் போட்டிருக்கிறார்.

ஆக, ஆரம்ப ஆசிரியருக்கு எவ்வளவு என்று தெரியும், அமைச்சருக்கு எவ்வளவு என்றும் தெரியும். நடுவில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் நூறு ஆசிரியர்களையும் பார்த்துக்கொள்பவருக்கு எவ்வளவு என்று மட்டும் தெரியாது.

ஜெரார்ட் ஈ பெயரைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2005 ஜூலை. என்கேஎஃப் வழக்கு. அப்போது நாங்கள் அலுவலகத்துப் பின்னறையில் வேலையை மறந்து பத்திரிகை படித்த நாள்கள். தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி டி.டி. துரை, குளியலறையில் தங்கமுலாம் பூசிய குழாய் என்று எழுதிய பத்திரிகைமேல் வழக்குப் போட்டார். வழக்குமன்றத்தில் கேட்ட கேள்வியில் குழாய் சின்ன விஷயமாகிவிட்டது. மாதம் 25,000 வெள்ளி, அதற்கு மேல் 12 மாத போனஸ், கூட்டினால் வருஷத்துக்கு ஆறு லட்சம். இரண்டாம் நாளே வழக்கைத் திரும்பப் பெற்றார். அமைப்பின் புரவலர் அந்த ஆறு லட்சத்தை வெறும் வேர்க்கடலை (மலாயில் கச்சாங்) என்று சொல்லிவிட, தேக்கா சந்தையில் கச்சாங் பூத்தே விற்பவர்கூட அன்றைக்கு அதை வைத்து நையாண்டி செய்தார். தமிழர்களான எங்களுக்குக் கூடுதலாக ஒரு கூச்சம். கூட வேலை பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார்கள், ஏதோ துரை எங்கள் மாமா மாதிரி.

அந்த அமைப்பைத் தூக்கி நிறுத்த வந்தவரும் இதே ஜெரார்ட் ஈதான். பிறகு அறப்பணி அமைப்புகளுக்கு நிர்வாக நெறிமுறை வந்தது. லட்சம் வெள்ளிக்கு மேல் வாங்கும் ஊழியர்களில் முதல் மூன்று பேரின் சம்பளத்தை லட்சம் லட்சமாகப் பிரித்த வரம்புகளில் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். பெயரும் சரியான எண்ணும் வேண்டியதில்லை, எந்த வரம்பு என்றால் போதும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. கோயில் திருவிழாவில் சாமியைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி, முகம் தெளிவாகத் தெரியாவிட்டாலும் சாமி இருக்கிறது என்று தெரியும்.

போன வருஷம் மார்ச் பட்டியல் வந்த அன்றைக்கு ராத்திரி பாப்பாவுக்குத் தொலைபேசி போட்டேன். அங்கே காலை.

"உனக்குக் கஷ்டமா இல்லையாம்மா?"

"நம்பர் வெளிய வர்றது கஷ்டமில்ல அத்தை. பழகிப்போச்சு. அந்த நம்பருக்கு நான் என்ன செய்றேன்னு ஒருத்தரும் கேக்கலயே, அதுதான். போன வாரம் ஒரு புள்ள நாற்காலிய எறிஞ்சான், கை வீங்கிப்போச்சு. அதுக்கு ஒரு கட்டம் அந்தப் பட்டியல்ல இல்லையே."

பட்டியலைப் பற்றி அவள் சொன்ன இன்னொன்று எனக்குப் புதுசு. 1996இல் ஒரு லட்சம் என்று வைத்த வரம்பை இன்று வரை ஏற்றவில்லை. அந்தக் காலத்தில் லட்சம் என்றால் பெரிய தலைகள் மட்டும். விலைவாசி ஏற ஏற, சாதாரண வகுப்பாசிரியர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். 2019இல் மாகாண அரசு சட்டம் போட்டு, மூன்று வருஷத்துக்குச் சம்பள உயர்வு வருஷத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்றது. 2022இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. மேல்முறையீட்டிலும் அரசு தோற்றது. பாக்கிப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்ததில் பட்டியல் இன்னும் வீங்கி, மூன்று லட்சம் பேரைத் தாண்டிவிட்டது. வட்டாரப் பள்ளிகளை நடத்தும் கல்விச் சபையின் இயக்குநரும் இருபது வருஷம் சாக்பீஸ் பிடித்த ஆசிரியையும் ஒரே பட்டியலில். மூன்று லட்சம் பெயர் இருந்தால் யார் எதைத் தேடுவார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத்தான். எங்கள் சித்தப்பா பாப்பாவைத் தேடுகிற மாதிரி.

"இயக்குநருக்கு எப்படி முடிவு பண்றாங்க?" என்று கேட்டேன்.

அதற்கு ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. 2014இல் ஒன்டாரியோவில் பொதுத்துறை நிர்வாகிகளின் சம்பளத்துக்கென்றே தனிச் சட்டம். இரண்டு வருஷம் கழித்து அதன்கீழ் விதிகள். ஒரு கல்விச் சபை தன் இயக்குநருக்குச் சம்பள வரம்பு வைக்க வேண்டுமானால், தன்னோடு ஒப்பிடத்தக்க அமைப்புகள் எவை என்று முதலில் சொல்ல வேண்டும். அவற்றின் சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதற்கு மேல் வைக்கக்கூடாது. எந்த அமைப்புகளோடு ஒப்பிட்டோம், ஏன் என்று எழுதி இணையத்தில் போட்டுப் பொதுமக்களின் கருத்தையும் கேட்க வேண்டும். பாப்பா அந்தக் காலத்தில் தன் சபை போட்ட ஆவணத்தைப் படித்தாளாம். எத்தனை பேர் கருத்துச் சொன்னார்களோ தெரியாது, அவள் சொல்லவில்லை. 2018இல் ஆட்சி மாறியதும் நிர்வாகிகளின் சம்பளத்தை அப்படியே உறைய வைத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த டார்ச் வாக்கியம் பிடிபட்டது. சன்ஷைன் லிஸ்ட் காட்டுவது உறைக்குள் இருக்கும் நம்பரை. அது ஏன் அந்த நம்பர் என்பதைக் காட்ட வந்தது இந்த விதி. நம்பரைப் பட்டியல் போட்டால் சித்தப்பாவுக்குப் பெருக்கல் கணக்கு கிடைக்கும். காரணத்தை எழுதிப் போட்டால் பெற்றோர் ஒருவர் எழுந்து, "அந்தச் சபையில் பிள்ளைகள் நம்மைவிட இரண்டு மடங்கு, அதோடு ஏன் ஒப்பிடுகிறீர்கள்" என்று கேட்க முடியும். முதல்வரும் தன் நம்பருக்கு முன்னால் நின்று பதில் சொல்ல முடியும்.

ஓய்வுக்காலத்தில் இணையத்தில் மேய்கிற ஆளான நான் வேறு நாடுகளையும் துழாவினேன். இங்கிலாந்தில் அகாடமி என்ற வகைப் பள்ளிகள், அரசாங்கப் பணத்தில் நடப்பவை, அறக்கட்டளைகளின் கையில் இருக்கின்றன. மற்ற அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியர் சம்பளத்துக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து எட்டுப் பிரிவு உண்டு. அகாடமிகளை அது கட்டுப்படுத்தாது, அறங்காவலர்களே தலைமை நிர்வாகிக்குச் சம்பளம் வைக்கலாம். பெரிய குழுமங்களில் சில அந்நாட்டுப் பிரதமர் சம்பளத்தைவிட அதிகமாகவே கொடுக்கின்றன. அதற்கு அரசாங்கம் வைத்த கடிவாளம் இது: ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று பத்தாயிரம் பவுண்டு வரம்புகளில் சொந்த இணையப் பக்கத்தில் போட வேண்டும். தன் சம்பளத்தை முடிவு செய்வதில் யாரும் தானே பங்கெடுக்கக்கூடாது. முடிவுக்கு ஆதாரம் இருக்க வேண்டும், கேட்டால் நியாயம் சொல்ல முடிய வேண்டும்.

நியூ ஜெர்சியில் 2011இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி ஒரே வெட்டாக வெட்டினார். பெரும்பாலான மாவட்டங்களில் பள்ளிக் கண்காணிப்பாளரின் சம்பளம் ஆளுநரின் 1,75,000 டாலரைத் தாண்டக்கூடாது. கைத்தட்டலும் வாங்கினார். அனுபவசாலிகள் சிலர் ஓய்வை எடுத்துக்கொண்டார்கள், சிலர் ஆற்றைத் தாண்டி நியூயார்க் பக்கமும் பென்சில்வேனியா பக்கமும் போனார்கள். 2019இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். ஆளுநர் தனக்கு என்ன சம்பளமோ அதையே எல்லாருக்கும் கூரையாக்கினாரே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டிருக்க வேண்டாமா?

சரி, இங்கே என்ன செய்யலாம்? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தெரிஞ்சுகிட்டு என்ன செய்யப் போற? ஓய்வும் வாங்கியாச்சு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெயரோட போட்டா அவ்ளோதான். அடுத்த வருஷம் பெற்றோர் எல்லாம் அதிகச் சம்பளக்காரர் இருக்கிற பள்ளிக்கு வரிசையில நிப்பாங்க" என்றார். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் இவர் சொன்ன புத்திசாலித்தனமான வாக்கியங்களில் இது ஒன்று.

நம் ஆட்களின் கியாசு குணம், எதிலும் பின்தங்கிவிடக்கூடாது என்ற அந்தப் பதற்றம், எனக்குத் தெரியாதா? தொடக்கப் பள்ளி ஒன்றாம் வகுப்புப் பதிவின்போது அலுவலகச் சன்னலில் நின்றவள் நான். பள்ளிக்கும் வீட்டுக்கும் எத்தனை மீட்டர் என்று நூல் பிடித்து அளந்த வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். 2012இல் அமைச்சு உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்வு முடிவுப்படி பட்டைகளாகப் பிரித்து வெளியிடுவதை நிறுத்தியது. அதே வருஷம் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் வந்த பிள்ளைகளின் பெயரைச் சொல்வதையும் நிறுத்தியது. பாடுபட்டு இறக்கி வைத்த தராசை, முதல்வர் பெயருக்கு எதிரே ஒரு தொகையை எழுதி மறுபடியும் தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

எனக்கு வேண்டியது பெயர் கிடையாது. முதல்வர், கண்காணிப்பாளர் பதவிகளில் எத்தனை படி, ஒவ்வொரு படியிலும் கீழ் எல்லை என்ன, மேல் எல்லை என்ன. பள்ளியின் அளவு அதில் சேருமா. ஏழைப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் பள்ளியை ஏற்று நடத்துபவருக்கு அது கணக்கில் வருமா. செயல்திறன் போனஸ் அதிகபட்சம் எத்தனை மாதம். வெளியே எந்த வேலையோடு ஒப்பிட்டு இதையெல்லாம் வைத்தார்கள், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்கள். ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிடும். அமைச்சர்களுக்குச் செய்ய முடிந்ததுதானே. இதனால் எந்த முதல்வரின் மாமியாரும் மருமகன் சம்பளத்தைக் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் துணை முதல்வராக இருக்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முதல்வர் பொறுப்பை ஏற்கலாமா என்று ராத்திரி யோசிக்கும்போது கையில் ஒரு கணக்கு இருக்கும். அப்படி யோசித்து வேண்டாம் என்று விட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தர் என்னிடம், "மேல போனா எவ்ளோ கூடும்னு யாரைக் கேட்கறதுன்னுகூடத் தெரியல அக்கா" என்றார். நான் உறையை வெயிலில் பிடித்தவள், என்னைக் கேட்டு என்ன பயன்?

கனடாவில் கோடை விடுமுறை விட்டதும் பாப்பா இங்கே வந்தாள். ஜூலை மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குத் தோசை, எனக்கு அப்பம், பிறகு மீன் பகுதிக்குப் போனோம். ஈரத்தரையில் வழுக்காமல் இருக்க அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாவல் மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைத் தலை திரும்பியது.

எங்கள் முதல்வர். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிவிட்டது. அரைக்கால் சட்டை, கையில் இரண்டு பிளாஸ்டிக் பை.

"நீங்க இன்னும் உயிரோட இருக்கீங்களா சார்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் மீன்காரரும் சிரித்தார்.

பாப்பாவை அறிமுகப்படுத்தினேன். ஒரு துணை முதல்வர் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு, வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், பெற்றோர் எப்படி, சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குத் தனி ஆள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாற்காலி எறிந்த பையன் கதையை அவள் சொன்னாள். "கை சரியாயிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். பையன் என்ன ஆனான் என்று அதற்குப் பிறகு. நான் நண்டு விலையை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் பாப்பா அவரிடம் சம்பள உறைக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டார்ச் வரைக்கும். நான் போய் அவள் கையைக் கிள்ளினேன். அவளோ, கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, நேரே கேட்டுவிட்டாள்:

"அப்போ உங்க சம்பளம் எவ்ளோ அங்கிள்?"

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இருபது முப்பது வருஷமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி, வாவல் மீனுக்கும் ஊளி மீனுக்கும் நடுவில்.

அவர் என்னைப் பார்த்தார். "நீ இதைக் கேட்கணும்னு எத்தனை வருஷம் ஆசைப்பட்டியோ" என்பது மாதிரி ஒரு பார்வை. பிறகு சொன்னார். ஓய்வு பெற்ற வருஷம் மாதச் சம்பளம் இவ்வளவு, கடைசி மார்ச் போனஸ் இத்தனை மாதம். ஒளிவுமறைவு இல்லாமல், மீன் விலை சொல்கிற மாதிரி.

பாப்பா மனசுக்குள் கனடா டாலருக்கு மாற்றிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றாள்.

"பரவாயில்லதான்," என்றார் அவர். "ஆனா பக்கத்துப் பள்ளிக்காரர், என் கூடவே சேர்ந்தவர், என் நண்பர், போன வருஷம்தான் தவறிப்போனார். அவருக்கு எவ்வளவுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. எனக்கு எவ்வளவுன்னு அவருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் வாராவாரம் ஒண்ணா காப்பி குடிச்சோம்."

வாவலை வெட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பேருந்தில் வரும்போது பாப்பா, "அத்தை, இத எழுதுவீங்கல்ல? நம்பரோட?" என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். எழுதியும் விட்டேன். நம்பரை மட்டும் இரண்டு தடவை தட்டச்சு செய்து இரண்டு தடவையும் அழித்துவிட்டேன். வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.